நமுத்துப் போகாமல்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே காதைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீயும் நம் துரையும் நலமா?

போன வாரம் காது டாக்டரிடம் போனேன். வலது காது முழுதாகப் போய்விட்டது, இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார். அதைச் சொல்வதற்கே பாவம் அவர் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த நாளிலிருந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்த காது. எனக்குப் பின்னால் அதுவும் ஓய்வு வாங்கிக்கொண்டது போலிருக்கிறது. ஆகவே இனிமேல் போன் வேண்டாம். நீ கத்தினால் உன் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. கடிதமே எழுது.

இத்துடன் ஒரு டின் வருகிறது. ஓவன் வாங்கியிருக்கிறேன். மாடி வீட்டு டைலரம்மா கற்றுக்கொடுத்தாள். மெல்லிசாக இரண்டு பிஸ்கட், நடுவே பூரணம். சரியான தொட்டாற்சிணுங்கி, அழுத்திப் பிடித்தால் உதிர்ந்துவிடும். ஜாம் வைத்தது துரைக்கு. காப்பி க்ரீம் வைத்தது உனக்கு. உன் பங்கை முதலில் எடுத்து ஒளித்து வை. அவனுடைய சின்ன வயதில் காலையில் ஜாம் பாட்டில் வாங்கி வந்தால், சாயங்காலம் பாட்டில் மட்டும்தான் இருக்கும். கேட்டால், "எறும்பு சாப்பிட்டிருக்கும்மா" என்பான், வாயெல்லாம் சிவப்பாக வைத்துக்கொண்டு.

எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் எழுது.

தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அத்தை


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் காதைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். சிரித்த பிறகு கஷ்டமாக இருந்தது.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் பிசியோதெரபி பிரிவில் ஓர் ஆள் லீவு. தோள் இறுகிப்போனவர்களாகவே வருகிறார்கள். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் பால் பொங்கும்போதுகூட அதையே சொல்லத் தோன்றுகிறது.

டின் பத்திரமாக வந்தது. ஒன்றிரண்டுதான் உடைந்திருந்தன. காப்பி க்ரீம் பிஸ்கட்டைப் பற்றி என்ன சொல்வது? வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். அது தீர்ந்துவிட்டது. ஜாம் வைத்தவைதான் நமுத்துவிட்டன. பத்திரமாகத்தான் மூடி வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எடுத்தால் வளைகிறது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை வீணாக்கிவிட்டேன். இந்த மாதிரி பிஸ்கட் நமுத்துப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

அவருக்கு ஆபீஸில் வேலை அதிகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள் வலது பக்கமாக வரும் வண்டிகளைக் கவனித்துச் சாலையைக் கடக்கும்படி வேண்டும்,
மருமகள்


பிப்ரவரி 14

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். நீ நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு.

இதில் வீணானது என்ன இருக்கிறது? குற்றம் உன்னுடையது இல்லை, ஜாமுடையது. ஜாமில் ஈரம் உண்டு. வெந்த பிஸ்கட்டுக்கோ அடங்காத தாகம். இரண்டையும் ஒட்டி வைத்தால் அது இதைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஜாம் வைத்ததை வைத்து வைத்துத் தின்ன முடியாது, சூட்டோடு சூடாகத் தீர்த்துவிட வேண்டும். க்ரீமில் வெண்ணெய் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். இன்னொன்று, இரண்டு ஜாதியையும் ஒரே டின்னில் அனுப்பியது என் தப்பு. ஜாமின் ஈரம் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். தனித்தனி டப்பா வேண்டும். காற்றுப் புகாத மூடி வேண்டும். அடுக்குக்கு அடுக்கு நடுவே பட்டர் பேப்பர் போட வேண்டும். இதெல்லாம் டைலரம்மா வாயை அசைத்து அசைத்துச் சொல்லிக்கொடுத்தது.

அதெல்லாம் இருக்கட்டும். ஜாம் பிஸ்கட் நமுக்கிற வரைக்கும் துரை என்ன செய்துகொண்டிருந்தார்? ஊரில் எறும்பு இல்லையா?

வேலை அதிகமென்றால் கடிதம் வேண்டாம். உன் கடிதத்துக்கு அடியில் அவன் கையால் ஒரு வரி எழுதச் சொல். கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் போதும்.

அந்த ஒரு வரிக்காக,
அத்தை


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் நலமா? காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா?

உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. மறுபடியும் ஆஸ்பத்திரி வேலைதான். அவருக்கு வயிறு சரியில்லை. கொஞ்ச நாளைக்கு இனிப்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஜாம் பிஸ்கட் மிஞ்சியது. இப்போது பரவாயில்லை, கவலைப்படாதீர்கள். கடிதம் எழுதும் நேரத்தில் அவர் வெளியே போயிருக்கிறார். தபால் பெட்டி திறக்கும் நேரம் ஆகிவிட்டதால் அப்படியே அனுப்புகிறேன். அடுத்த முறை எழுதுவார்.

பட்டர் பேப்பர் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். இதை ஃப்ரீசரில் வைக்கலாமா? கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட வசதியாக இருக்குமே என்று கேட்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நலமாக இரு.

ஃப்ரீசரில் வைக்கலாம். ஆனால் பூரணம் வைத்த பிறகு வைப்பதைவிட, வெறும் பிஸ்கட்டாக வைப்பது நல்லது. அதனால் இந்த முறை பிரித்தே அனுப்பியிருக்கிறேன். டப்பாவில் வெறும் பிஸ்கட். பாட்டிலில் காப்பி க்ரீம். டப்பாவை அப்படியே ஃப்ரீசரில் வை. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வை, வெங்காயத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே. வெண்ணெய் ஊர்வம்பு மாதிரி, எங்கே என்ன வாசனை என்றாலும் இழுத்துக்கொள்ளும்.

வேண்டும்போது வேண்டிய அளவு பிஸ்கட்டை மட்டும் ஒரு சின்ன டப்பாவுக்கு மாற்றி மூடி, வெளியே வை. குளிர் முழுதாகப் போகும்வரை மூடியைத் திறக்காதே. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றிலிருக்கும் ஈரமெல்லாம் பிஸ்கட் மேல் வேர்த்து நிற்கும். பிறகு க்ரீமைத் தடவி, இன்னொன்றை மேலே வைத்து, அழுத்தாமல் ஒரு திருகு திருகு. உடனே சாப்பிடு. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் சேர்க்க வேண்டும். மிச்சம் வராது, நமுக்காது.

சின்ன டப்பாதான். தீர்ந்ததும் எழுது, மறுபடி அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. வேலை முடிந்து வருகிற வழியில் நல்ல வெளிச்சம் இருக்கிறதா?

அத்தை


மே 18

அன்புள்ள அத்தைக்கு,

பார்சல் போன மாதமே கிடைத்தது. திறந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஜாம் இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன், துரை எப்படி இருக்கிறான் என்ற கேள்வியும் இல்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் எதை எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

அவர் இங்கே இல்லை. போன மழைக்காலத்திலேயே போய்விட்டார். ஆபீஸுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார். நீங்கள் நினைக்கிற மாதிரி மூன்றாவது ஆள் யாரும் இல்லை. சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆவதற்காவது ஒரு வழி இருந்திருக்கும். வீட்டில் பேச்சு குறைந்து குறைந்து, கடைசியில் "கேஸ் தீர்ந்துருச்சு", "கதவு பூட்டியாச்சா" என்ற அளவில் நின்றது. ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் ஏன் இப்படி இருக்கோம்?" என்று கேட்டேன். தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எனக்கும் தெரியல. நான் கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாக்கட்டுமா?" என்றார். சரி என்றேன். சரி என்று சொன்னதும் எனக்கு மூச்சு லேசானது. அதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

"அம்மாகிட்ட நானே சொல்றேன், கொஞ்சம் பொறு" என்றார். அதனால் நான் இருவரும் நலம் என்று எழுதினேன். வயிறு சரியில்லை என்று எழுதியது என் சொந்தக் கற்பனை.

ஜாம் பிஸ்கட்டை நான் அவருக்காகத்தான் எடுத்து வைத்திருந்தேன். தன் புத்தகங்களை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார். நீட்டினேன். வாசலிலேயே நின்று டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எடுத்துட்டுப் போனா அம்மாவை ஏமாத்தின மாதிரி இருக்கும்" என்றார். "பொய்ய நான் எழுதுறேன், பிஸ்கட்ட நீங்க சாப்பிடக்கூடாதா?" என்றேன். புத்தக மூட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அந்த டின்னைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. திறந்தபோது நமுத்திருந்தது.

சட்டப்படி பிரிந்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். இனி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் வாங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உங்களை அத்தை என்று எழுதலாமா என்பதே எனக்குத் தெரியவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கையெழுத்துப் போடுவதென்று தெரியாமல்,
நான்


மே 27

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

காது கேட்காதவளிடம் மறைப்பது சுலபம் என்று இருவரும் நினைத்துவிட்டீர்கள். அவன் என் பிள்ளை, அவனுக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். உனக்கு எழுத வரும். கடிதம் நன்றாக எழுதக்கூடியவள், மாதக்கணக்கில் பொய்யாக எழுதியிருக்கிறாய்.

பதில் எழுத எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது.


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

அத்தை என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

நலமாக இருக்கிறீர்களா? பதில் வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. உங்கள் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால் போதும். நீங்கள் எழுதியது நியாயம். எழுத வரும் என்பதால்தான் பொய்யும் நன்றாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே அந்தப் பிஸ்கட்டைச் செய்து பார்த்தேன். உங்கள் கை மாதிரி வரவில்லை. ஒன்று கருகியது, ஒன்று வேகவில்லை. தேறியதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தோள் இறுகிய ஒரு வாத்தியார், கையைத் தோளுக்கு மேலே தூக்கவே மாட்டார், அன்று அலமாரி மேல்தட்டிலிருந்த டப்பாவை எட்டி எடுத்துவிட்டார். "மாத்திரையைவிட இது நல்லா வேலை செய்யுதேம்மா" என்றார். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நல்லது எது நடந்தாலும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது. இந்தப் பழக்கத்தை எப்படி விடுவதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட வக்கீல் ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நீங்கள் பேசாவிட்டாலும் உங்கள் நலம் விரும்பும்,
நான்


ஆகஸ்ட் 8

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அந்த வாத்தியாரை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, பேச்சு நடுவில் விழும் மௌனத்தை வைத்தே எந்த லைன் செத்தது என்று சொல்லிவிடுவேன். மார்ச் மாதம் உன் பதில் வராத நாட்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாததில் வந்த கோபம் அது. அந்த வீட்டில் என் காதாக இருந்தவள் நீதான். துரை எப்போதுமே சொல்ல மாட்டான்.

போன வாரம் பஸ் ஏறி அவன் அறைக்குப் போனேன், முன்கூட்டிச் சொல்லாமல். கதவைத் திறந்தவன் முகம், பரீட்சையில் தோற்ற அன்று வீட்டுக்கு வந்த முகம். ஒரு இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். உன் வீட்டிலிருந்து எடுத்து வந்த புத்தக மூட்டை கட்டு அவிழ்க்காமல் மூலையில் கிடக்கிறது. ஏதோ கத்திச் சொல்ல ஆரம்பித்தான். "கத்தாதேடா, நம்ம கதை பக்கத்து அறைக்காரனுக்கு எதுக்கு? எழுது" என்று காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

உட்கார்ந்து எழுதினான். உண்மையாகச் சொல்கிறேன், பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. "அவமேல தப்பு இல்லம்மா. அவ என்னன்னு கேப்பா, நான் ஒண்ணுமில்லன்னு சொல்வேன். நெஜமாவே ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சேன். ஒரு நாள் அவ கேக்கறத நிறுத்திட்டா. அது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பதான் பயமா இருந்துச்சு" என்று எழுதியிருந்தான். இருவரையும் சேர்த்துவைத்துவிட்டுத்தான் வருவது என்று கிளம்பிப் போனவள் நான். வழியெல்லாம் வசனம் மனப்பாடம் செய்திருந்தேன். அதைப் படித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "திரும்பிப் போகணும்னு இருக்காடா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது என் பங்குக்கு ஒரு பொய்யாகிவிடும். வருத்தம்தான். ஆனால் உங்கள் கல்யாணம் உங்களுடையது. அதை என் வருத்தத்துக்காக இழுத்துப் பிடிக்கச் சொல்ல மாட்டேன்.

அத்தை என்று கூப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். பால் போடுகிறவர் என்னை அத்தை என்கிறார். கேஸ் கொண்டுவருகிறவன் அத்தை என்கிறான். நேற்று முன்பின் தெரியாத ஒருத்தன் ஸ்கூட்டரை நிறுத்தி, "அத்தே, போஸ்ட் ஆபீஸ் எங்க?" என்று என் இடது காதில் கத்தினான். இவர்களெல்லாம் என் பிள்ளையைக் கட்டிக்கொண்டா கூப்பிடுகிறார்கள்?

கையெழுத்து முடிந்ததும் லீவு போட்டுவிட்டு இங்கே வா. உன் பிஸ்கட் ஏன் கருகுகிறது என்று நேரில் பார்க்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் கூப்பிடும்,
அத்தை


செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்து ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஸ்கூட்டர்காரனை நினைத்துச் சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கையெழுத்து முடிந்துவிட்டது. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. காட்டிய இடத்தில் போட்டோம். வெளியே வந்ததும் அவர், "சாப்பிட்டியா?" என்றார். எதிர்க்கடையில் டீ குடித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "அம்மா வீட்டுக்குப் போறியா?"

"ஆமா. அடுத்த வாரம் சனிக்கிழமை."

"நானும் வரட்டுமா?"

"உங்க அம்மா வீடு. என்னை ஏன் கேக்கறீங்க?"

"இப்ப கேட்டாதான் சரி" என்றார்.

வரச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது தப்பென்றால் தந்தி மாதிரி ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் ரயிலில் நான் வருகிறேன், பஸ்ஸில் அவர் வருவார்.

காப்பி க்ரீமுக்கு ஆசைப்படும்,
மருமகள் (வேறு சொல் கிடைக்கும்வரை)


செப்டம்பர் 19

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ பிடித்துவிட்ட தோள் இப்போது நன்றாகச் சுழல்கிறது.

உங்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பிஸ்கட் ஒட்டச் சொன்னது சரியா தப்பா என்று பிற்பாடு யோசித்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். கையில் வேலை இருந்தால் வாய் பேசாவிட்டாலும் பரவாயில்லை. துரை ஜாமை அள்ளி வைக்க, அது நாலா பக்கமும் வழிய, நீ கத்தி முனையால் வழித்துக்கொண்டே இருந்தாய். அப்போது அவன் என்னவோ சொன்னான். நீ சிரித்தாய், அவனும் சிரித்தான். எனக்குக் கேட்கவில்லை. என்னவென்று நான் கேட்கவும் இல்லை. டின்னில் எடுத்து வைக்க ஒன்றுகூட மிஞ்சாமல் அங்கேயே தின்று தீர்த்தோம்.

நீ கேட்டிருந்தாய், கிளம்பும்போது வாசலில் நான் ஏன் அப்படி நின்றேன் என்று. சொல்கிறேன்.

இருவரும் சேர்ந்துதான் கேட்டைத் திறந்துகொண்டு போனீர்கள். தெருவுக்கு வந்ததும் அவன் இடப்பக்கம், பஸ் நிலையத்துக்கு. நீ வலப்பக்கம், ரயிலடிக்கு. இத்தனை வருஷமாக இந்த வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் பார்த்தே பழகிய கழுத்து. எந்தப் பக்கம் திரும்புவது என்று அதற்குத் தெரியவில்லை. அவனுக்கு இது வீடு, திரும்பிப் பார்க்காமல் போனாலும் நாளைக்கு வந்து சோறு போடு என்பான். நீ திரும்பிப் பார்த்து, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால்? அதனால் உன் பக்கம் திரும்பி நின்றேன். நீ தெருமுனை போகும்வரை நின்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நீ கையசைத்தாய், நானும் அசைத்தேன்.

நீ மறைந்த பிறகு இடப்பக்கம் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது.

இப்போதெல்லாம் அவனுக்கும் தனியாகக் கடிதம் எழுதுகிறேன். அன்றைக்கு அவன் திரும்பிப் பார்த்தானா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அத்தை